பிழை நடவாத சபையும் நானூற்றுப் பன்னிரண்டு பேரும்

எங்கள் சபையில் பிழை நடப்பதில்லை. இதை நானாகச் சொல்லவில்லை. ஹட்டன் கந்தோரின் மாடிப்படி ஏறியதும் எதிரே தொங்கும் கரும்பலகை சொல்லும். ‘இச்சபையில் பிழையின்றிக் கழிந்த நாட்கள்’ என்று எழுதி, பக்கத்தில் எண்ணுக்கு இடம் விட்டிருந்தார்கள். தினமும் காலை எட்டரைக்குப் பியோன் நஜீம் நானா பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதியதைச் சோக்கால் எழுதுவார். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். பத்து மணிவரை எண் மாறவில்லை. அதுவரை ஒருவரும் வரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடவில்லை. நாள் இன்னும் தொடங்கவில்லை என்று தலைமை எழுதுவினைஞர் கந்தப்பன் சொல்லிவிட்டார்.

நான் அங்கே 1986இல் சேர்ந்தேன். பெயர் செபமாலை. வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்தவன். ஜோசப்பின் என்ற என் அக்கா கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தாள். கொழும்பில் பத்து மாதம் கம்பியூட்டர் வகுப்புக்குப் போனேன். லயத்திலிருந்து கந்தோருக்கு வந்தவனுக்குப் பயத்தை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கதிரையில் உட்காரச் சொன்னாலே எதற்குச் சொல்கிறார்கள் என்று யோசித்து நின்றுகொண்டே இருப்பேன். ஆனால் நான் பயந்த பயமெல்லாம் பயமே இல்லை என்று அந்தச் சபைதான் எனக்குக் காட்டியது.

தோட்ட வதிவோர் பதிவுச் சபைக்கு ஒரே ஒரு வேலை. எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில், எந்தக் காம்பராவில் யார் குடியிருக்கிறார்கள் என்று பதிவேட்டில் ஏற்றுவது. 1987 மார்ச் முப்பத்தோராம் திகதிக்குப் பிறகு பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள் வெளியாட்கள். அவர்கள் காம்பராவைக் காலி செய்ய வேண்டும், தோட்டத்துரை பூட்டுப் போட்டுக்கொள்ளலாம். பேப்பரில் பெயர் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்று எங்கள் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை. என் சித்தப்பா குடும்பம் அப்படித்தான் இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார்க் கோச்சியில் ஏறியது.

இந்த வேலைக்காக ஒரு கம்பியூட்டரும், வெளிநாட்டிலிருந்து இரண்டு டிஸ்க்கும், ஒரு தடித்த புத்தகமும் வாங்கியிருந்தார்கள். டிஸ்க்கில் இருந்தது ஒரு பதிவேடு. அது தனியாக ஓடுகிற சாமான் இல்லை. நான் எழுதுகிற புரோகிராமுக்குள்ளேயே குடியிருக்கும். ‘இந்த ஆளைப் பதி’ என்று நான் கேட்டால் ஒரு எண்ணைத் திருப்பித் தரும். பூச்சியம் வந்தால் காரியம் நடந்தது. வேறு எந்த எண் வந்தாலும் நடக்கவில்லை. நடக்காவிட்டால் ஏன் என்று ஒரு வசனமும் எழுதித் தரும். அந்த வசனத்தை எழுத மெஷினின் மெமரியில் கொஞ்சம் இடம் பிடிக்கும். வாசித்து முடித்ததும் அந்த இடத்தை விட்டுவிடுவது உன் பொறுப்பு என்று புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எண்ணைப் பார், வசனத்தை வாசி, இடத்தை விடு. புரோகிராம் எழுதுகிறவனுக்கு இது சாப்பிட்டுக் கை கழுவுகிற மாதிரி. எழுதிக்கொண்டு போய்ப் பிராந்தியப் பணிப்பாளர் றோலண்ட் ஐயாவிடம் காட்டினேன்.

றோலண்ட் ஐயா டை கட்டுவார். தேத்தண்ணி குடிக்கும்போது டை நனையாமலிருக்க அதைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்வார். அப்படிப் போட்டுக்கொண்டே என் பேப்பரைப் பார்த்தார்.

“ஐசே செபமாலை, வெற்றிக்குப் பூச்சியமா? நான் பள்ளிக்கூடத்துல பூச்சியம் எடுத்தப்ப எங்க அப்பா கைதட்டினாருன்னு நெனைக்கிறீங்களா?”

“இல்லங்க சேர். இது அந்தப் புத்தகத்துல...”

“புத்தகம் எழுதினவனுக்கு இந்தச் சபைய தெரியாது. வெற்றின்னா நூறு. மாத்துங்க.”

“சரிங்க சேர். பிழைக்கு என்ன போடட்டும்?”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “பிழை நடக்காத சபையில பிழைக்கு எதுக்கு ஐசே எண்?”

இன்னொரு வரியும் அவருக்குப் பிடிக்கவில்லை. பதிவேட்டைத் திறக்கப் போய் அது திறபடாமல் போனாலும் கடைசியில் அதை மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் திறப்பதற்காக எடுத்த இடம் அப்படியே முடங்கிக் கிடக்கும் என்று புத்தகம் சொன்னது. “தொறக்காத கதவ எப்படிச் சாத்துறது?” என்றார் றோலண்ட் ஐயா. கந்தப்பன் அவர் காதருகே குனிந்தார். “சாத்தினா, தொறந்திருந்திச்சுன்னு நாமளே ஒப்புக்கிட்ட மாதிரி ஆயிரும் சேர். அப்பறம் யாரு தொறந்ததுன்னு கேப்பாங்க.” அந்த வரியை அங்கேயே வெட்டினார்கள்.

முதல் தடவை ஓட்டிக் காட்டிய அன்று பலகையில் தொண்ணூற்றாறு. கந்தோர் முழுக்கக் கூடி நின்றது. பெயருக்குப் பத்து எழுத்து இடம் போதும் என்று கந்தப்பன் முன்னமே தீர்மானித்திருந்தார். ஆங்கிலத்தில் எழுதினால் அவர் பெயர் ஒன்பதில் முடிந்துவிடும். தோட்டங்களிலிருந்து வந்த படிவ மூட்டையில் கையை விட்டு அவரே எடுத்துத் தந்த முதல் படிவம் சூசைரட்ணம் என்ற ஒருவருடையது. பன்னிரண்டு எழுத்து. தட்டினேன். திரையில் பச்சையாக விழுந்தது: பிழை 11, பெயர் நீளம்.

றோலண்ட் ஐயா சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து விரித்துத் திரையை மூடினார். கந்தப்பன் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். வாசலில் நின்ற நஜீம் நானா, “பலகைய அழிக்கவா சேர்?” என்று கேட்டார்.

“அழிச்சா கைய ஒடிச்சிருவேன்!” என்றார் றோலண்ட் ஐயா. அவர் குரல் கீச்சென்று வந்தது.

பின்னேரமே விசாரணை வைத்தார்கள். யார் பிழை என்பதுதான் கேள்வி. “பேரு நீளங்க சேர்” என்றேன். கந்தப்பன் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பன்னிரண்டு எழுத்து வைத்துக்கொண்டிருப்பதற்கான காரணத்தைப் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் விளக்கும்படி சூசைரட்ணத்துக்குப் பதிவுத் தபால் போனது. மறுநாள் காலை பதினான்காம் இலக்கச் சுற்றுநிருபம் வந்தது. பிழை என்ற சொல்லோ அதன் எண்ணோ திரையில் தோன்றலாகாது. பிழையை விளக்கும் வசனம் அரச ஆவணம். அது ஏழு வருடம் பாதுகாக்கப்பட வேண்டும். கழிப்புக் கமிட்டியின் அனுமதியின்றி அதை அழிக்கவோ இடம் மாற்றவோ யாருக்கும் அதிகாரமில்லை.

சுற்றுநிருபத்தைக் கையில் வைத்துக்கொண்டு றோலண்ட் ஐயாவின் அறை வாசலில் அரை மணி நேரம் நின்றேன். உள்ளே போனதும் தைரியத்தைக் கூட்டிச் சொன்னேன். “சேர், அந்த எடத்த விடாட்டி மெமரி நெறஞ்சிரும். கூடை நெறஞ்சா கொழுந்த மடுவத்துல நிறுத்துக் கொட்டினாத்தான சேர் மறுபடி பறிக்கலாம்?”

“கூடை யாருது?”

“சபையோடது சேர்.”

“கொழுந்து?”

“அதுவுந்தான் சேர்.”

“அப்ப அதக் கொட்டுறதுக்கு நீங்க யாரு ஐசே?”

சுற்றுநிருபத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பின்னேரம் மெஷினை நிறுத்தினால் மெமரியில் இருக்கிற வசனங்கள் அழிந்துவிடும் என்பதையும் நான்தான் வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து மெஷினை நிறுத்தக் கூடாது என்று உத்தரவு. சித்திரை இடியில் ஒருநாள் கரண்ட் போயே போனது. இழந்த ஆவணங்களுக்குப் பொறுப்பு யார் என்ற இடத்தில் கந்தப்பன் ‘கடவுள்’ என்று எழுதி, சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சாமியாரிடம் சொன்னபோது அவருக்கு என்ன அபராதம் கொடுப்பதென்று தெரியவில்லை.

கழிப்புக் கமிட்டி ஆவணியில் கூடியது. மூன்று பேர். மெமரியைக் காட்டு என்றார்கள். மெஷினின் மூடியைத் திருப்புளியால் கழற்றிக் காட்டினேன். கறுப்புத் துண்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார்கள். முப்பத்தாறு. வாங்கின பத்திரத்தில் ஆறு இலட்சத்து நாற்பதாயிரம் என்று இருந்தது.

“மிச்சம் எங்க தம்பி?” என்று கேட்டார் கமிட்டித் தலைவர், மிக அன்பாக.

“அது துண்டு கணக்கு இல்லீங்க. ஒரு துண்டுக்குள்ள ஆயிரக்கணக்குல...”

“உள்ளுக்கு இருக்கா? வெட்டிப் பாக்கலாமா?”

ஆறு இலட்சத்து முப்பத்தொன்பதாயிரத்துத் தொளாயிரத்து அறுபத்து நான்கு மெமரி குறைவு என்று எழுதி, பொறுப்பாளர் செபமாலை என்று கீழே கோடு இழுத்தார்கள். குறைவு கண்டுபிடிக்கப்படும்வரை எந்த இடத்தையும் விடுவிப்பது பற்றி யோசிக்க முடியாது. ஆகவே என் புரோகிராமில் இடத்தை விடுகிற வரிகள் எல்லாவற்றையும் கந்தப்பன் பக்கத்தில் நின்று சிவப்புப் பேனையால் வெட்டவைத்தார்.

நான் வெட்டினேன். இதை மறைக்க விரும்பவில்லை. மறுத்திருக்கலாம். மறுத்தால் கமிட்டி எழுதிய குறைவை என் தலையில் கட்டி மறியலில் அடைப்பார்கள் என்று பயந்தேன். பயந்தவன் கை கேட்டதையெல்லாம் செய்யும்.

என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். நீளப் பெயர் ஒன்று வரும். பிழை வசனம் மெமரியில் குந்தும். இன்னொன்று வரும், அதுவும் குந்தும். கடைசியில் இடம் நிரம்பும். அதற்குப் பிறகு குட்டைப் பெயரானாலும் பதிவேடு ஏற்காது. ஏற்கவில்லை என்று சொல்ல வசனம் எழுதவும் இடம் இருக்காது. திரையில் பிழை காட்டக் கூடாது, வேறு எதைக் காட்டவும் அனுமதி இல்லை. ஆகவே ஏறினாலும் ஏறாவிட்டாலும் நூறு. எழுதுவினைஞர்கள் பின்னேரம் வரைக்கும் தட்டினார்கள். எல்லாருக்கும் நூறு, படிவம் தந்தவர்களுக்கு அனுப்பிய ஒவ்வொரு துண்டுச் சீட்டிலும் நூறு. றோலண்ட் ஐயா மேசை மேசையாக வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

1987 மார்ச் தொடக்கத்தில் பட்டியலை அச்சடித்துத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். ஒரு புதன்கிழமை, மழையோடு மழையாக அக்கா வந்து நின்றாள். செருப்பை மாடிப்படிக்குக் கீழேயே கழற்றி வைத்துவிட்டு, நனைந்த கம்பளியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தாள். வேலைக்குப் போகாமல் அவள் வந்ததிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

“செபா, எம் பேரு இல்லடா.”

“நல்லாக் கேட்டியா?”

“கணக்கப்பிள்ள பெரட்டுக்களத்துல எல்லாரையும் நிக்க வச்சுப் பேர வாசிச்சாரு. ஆறாம் நம்பர் லயம், மூணாம் காம்பரா, ஆண்டியப்பன்னாரு. அந்தாளு செத்து மூணு வருசம். அப்பறம் அஞ்சாம் காம்பராவுக்குத் தாண்டிட்டாரு. ஐயா, நாலாம் காம்பரான்னேன். ஒந் தம்பிதான அந்த மிசின்ல குந்தியிருக்கான், அவங்கிட்டயே போயிக் கேளுன்னாரு. எல்லாம் சிரிச்சாங்க.”

மார்புச் சட்டைக்குள்ளிருந்து துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினாள். ஈரத்தில் ஓரம் சுருண்டிருந்தது. “பாரம் நெரப்பிக் குடுத்தேன், கைநாட்டு வச்சேன். இதுல நூறுன்னு போட்டிருக்குன்னு டீச்சரம்மா வாசிச்சாங்க. நூறுன்னா நல்லதுதானடா?”

சீட்டின் சுருண்ட ஓரத்தை விரலால் நீவிவிட்டேன்.

“முப்பத்தொண்ணாம் தேதி பூட்டுப் போடுவாங்களாம். ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்கடா போவேன்? ஒங்க மச்சானப் பொதச்ச குழியும் அங்கதான கெடக்கு.”

“ஒண்ணும் ஆகாது. நா பாத்துக்கிறேன்” என்றேன். அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து கக்கூசுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அக்காவை அழித்தது நான். பக்கத்தில் நின்று பார்த்தது கந்தப்பன், உத்தரவு போட்டது றோலண்ட் ஐயா. ஆனால் வரியை வெட்டிய விரல் என்னுடையது.

றோலண்ட் ஐயாவிடம் போனேன். சிலர் விடுபட்டிருக்கலாம் என்று சொன்னேன்.

“விடுபடுறதுன்னா என்ன?” என்றார் அவர். கோபமே இல்லை, ஒரு பாடம் நடத்துகிற பொறுமை. “இருக்கிற ஆள் பதிவேட்டுல இல்லன்னா அது பிழை. இந்தச் சபையில பிழை இல்ல. அதனால பதிவேட்டுல இல்லாதவங்க இல்லாதவங்கதான். இதுல எந்த எடம் ஒங்களுக்கு வெளங்கல?”

“எங்க அக்கா சேர். போன புதன் வந்து இங்கதான் நின்னுச்சு.”

“நான் ஒங்க அக்காவுக்கு எதிரி இல்ல ஐசே. அவங்க மட்டும் இருந்திருந்தா நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பேன்.” பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஐநூறாம் நாள் கொழும்புலருந்து தலைவர் வர்றாரு. அன்னைக்குப் பலகையில பூச்சியம் இருந்தா என்னைய எங்க தூக்கிப் போடுவாங்கன்னு தெரியுமா? எனக்கும் புள்ளகுட்டி இருக்கு.” தேத்தண்ணி இல்லாமலே டையைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். அந்தக் கந்தோரில் பயப்படாதவர் ஒருவரும் இல்லை என்பதை அன்றுதான் கண்டேன். அது எனக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் பயமாக இருந்தது.

கந்தப்பன் ஒரு வழி சொன்னார். “ஒன்பதாம் படிவம் இருக்கு தம்பி. பேரு விடுபட்டவங்க நெரப்பலாம்.”

ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன். முதல் வரி: விண்ணப்பதாரியின் பதிவு இலக்கம், கட்டாயம் நிரப்புக.

முப்பத்தோராம் திகதிக்குப் பதினொரு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை. நஜீம் நானா ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். றோலண்ட் ஐயா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனால் இரண்டரைக்குத்தான் வருவார். கந்தப்பனும் எழுதுவினைஞர்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் முன்பே எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்த புரோகிராமைத் தட்டினேன். எழுதுவினைஞர்கள் தட்டிய பெயர்களெல்லாம் டிஸ்க்குகளில் இருந்தன. ஒவ்வொரு பெயரையும் எடுத்துப் பதிவேட்டில் தேடச் சொன்னேன். எண்ணைப் பார். பூச்சியமில்லையா, வசனத்தைப் பேப்பரில் அடி. அடித்ததும் இடத்தை விடு. முடிவில், திறந்ததோ திறக்கவில்லையோ, மூடு. கமிட்டியைக் கேட்கவில்லை. விரல்கள் ஒன்றோடொன்று மோதி ஒரு சொல்லை நான்கு தடவை பிழையாகத் தட்டினேன்.

பிரின்ரர் போடுகிற சத்தத்தை நான் யோசிக்கவில்லை. அதுவரை அது இப்படி மூச்சு விடாமல் அடித்ததில்லை. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். நிறுத்தலாம் என்று சுவிட்சில் கை வைத்தேன். பேப்பரில் அப்போது வந்துகொண்டிருந்தது நூற்றெண்பதாவது வரி. கையை எடுத்துவிட்டு ஜெபம் சொன்னேன். நூற்றெண்பத்தெட்டாவது வரி இப்படி வந்தது: பிழை 23, ஆள் இல்லை. ஜோசப்பின், ஆறாம் லயம், நாலாம் காம்பரா.

மெஷின் நிரம்பவில்லை. திணறவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு வரி அடித்து, பதிவேட்டை மூடி, அமைதியாக நின்றது. பேப்பர் தரையில் மடிந்து மடிந்து கதவு வரைக்கும் போயிருந்தது. கதவில் றோலண்ட் ஐயா நின்றார். வாயில் சோறு இருந்தது. பின்னால் கந்தப்பன்.

கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே விசாரித்தார்கள். குற்றம் இரண்டு. ஒன்று, சாப்பாட்டு நேரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பிழைகளை உண்டாக்கியது. மற்றது, மெமரியில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டு அரச ஆவணங்களைக் கமிட்டியின் அனுமதியின்றி அழித்தது.

“அழிச்சீங்களா, இல்லையா?” என்றார் றோலண்ட் ஐயா.

“எடத்த விட்டேங்க சேர்.”

“அப்ப மூல ஆவணம் இல்ல! ஏழு வருசம் வைக்க வேண்டியது! இது பொலிஸ் கேஸ் ஐசே!”

மேசையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அந்தப் பதில் எங்கிருந்து வந்ததென்று தெரியாது. பயம் முற்றினால் ஆளுக்குக் கொஞ்சம் கந்தப்பன் புத்தி வந்துவிடும் போலிருக்கிறது.

“சேர், மெமரியில இருந்ததும் நகல்தாங்க” என்றேன். “அந்த வசனம் யாரப் பத்திச் சொல்லுதோ, அந்த ஆளு இன்னும் காம்பராவுலதான் இருக்காங்க. மூலம்னா அவங்கதான் சேர். அத நா அழிக்கல.”

கந்தப்பன் சுற்றுநிருபத்தை எடுத்துக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வாசித்தார். முப்பது வருட சேவையில் அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். “சரிதான் சேர். பிழையின் மூலம் எதுவோ அதுவே ஆவணம். இடம் மாத்தக் கூடாதுன்னு பதினாலாம் இலக்கம் சொல்லுது.”

“அப்படின்னா?”

“முப்பத்தொண்ணாம் தேதி அவங்கள காம்பராவ விட்டு எறக்கினா, நானூத்திப் பன்னெண்டு அரச ஆவணத்தக் கமிட்டி இல்லாம இடம் மாத்தினதா ஆகும்.”

“யாரு பொறுப்பு?”

“பூட்டுப் போட்ட தொரை. அவருக்கு மேல பிராந்தியப் பணிப்பாளர்.”

றோலண்ட் ஐயா உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். “பேசாம அவங்க பேரப் பதிவேட்டுல ஏத்திரலாங்களா சேர்?” என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

“ஏத்தினா விட்டுப்போச்சுன்னு ஒப்புக்கிட்ட மாதிரி!” என்று அவர் அலறினார். பிறகு எழுந்து டையைச் சரிசெய்தார். குரல் பழையபடி கனத்தது. “எழுதுங்க கந்தப்பன். இந்தச் சபையில பிழை நடக்கல. பாதுகாக்கப்படுது.”

பதினைந்தாம் இலக்கச் சுற்றுநிருபம் அன்று பின்னேரமே தோட்டங்களுக்குப் போனது. நானூற்றுப் பன்னிரண்டு பேரும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். துரைமார் கை வைக்கக் கூடாது. எனக்குக் கடும் எச்சரிக்கை தந்து, ஆவணப் பாதுகாவலர் என்று ஒரு பதவியும் தந்தார்கள். பிறகு புரோகிராமில் இடத்தை விடுகிற வரிகளைத் திரும்பப் போட்டேன். அந்தப் பகுதிக்குக் ‘கமிட்டி’ என்று பெயர் வைத்தேன். ஒவ்வொரு பிழைக்கும் கமிட்டி கூடி அனுமதி கொடுத்ததாகப் பேப்பரில் வந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

மார்ச் இருபத்தெட்டாம் திகதி நானும் நஜீம் நானாவும் ஒரு டின் வெள்ளைப் பெயின்ற்றும் தூரிகையுமாக அக்காவின் லயத்துக்குப் போனோம். அரச ஆவணம் ஒவ்வொன்றின் மேலும் அதன் இலக்கத்தைப் பெயின்ற்றால் எழுத வேண்டும் என்பது விதி. அக்கா இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். நஜீம் நானா தூரிகையைத் தோய்த்தார். கையிலிருந்த தாளை வாசித்தார்.

“ஆவணத்து மேலதான் எழுதணும்னு இருக்கு” என்றார். தாளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். தூரிகையிலிருந்து ஒரு சொட்டு அவர் காலில் விழுந்தது. “யா அல்லாஹ்” என்று முணுமுணுத்துவிட்டுக் கதவை நோக்கித் திரும்பினார். பி 23/188 என்று கதவில் எழுதினார்.

“இது என்னாடா?” என்றாள் அக்கா.

“இது இருக்கிற வரைக்கும் ஒன்னைய யாரும் வெளிய போடமாட்டாங்க.”

“எம் பேரா?”

“இல்ல.”

“எத்தன நாளைக்கு இருக்கும்?”

“ஏழு வருசம்.”

“அப்பறம்?”

“கமிட்டி வரும்.”

ஈரம் காயும்வரைக்கும் அக்கா பிள்ளைகளைக் கதவுக்குக் கிட்டப் போக விடாமல் நின்றாள்.

வட்டவளை மழைக்குப் பெயின்ற் தாங்காது. ஆனி மாதம் நான் போனபோது எழுத்து பாதி கரைந்திருந்தது. அக்கா முக்காலியில் ஏறி நின்று, ஒரு குச்சியில் துணியைச் சுற்றி, சுண்ணாம்பைத் தொட்டுத் தொட்டு அதன் மேலேயே இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பிள்ளைகள் இரண்டும் கீழே நின்று, வளைவு சரியா, கோடு சரியா என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் மூச்சை அடக்கி, கை நடுங்காமல் இருக்க மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினாள்.

“சரியா இருக்காடா?” என்று திரும்பாமலே கேட்டாள். “கொஞ்சம் மாறினாலும் வேற ஆளோடதாப் போயிருமில்ல?”

சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் பையிலிருந்து தாளை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக, இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்தேன்.